போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்?

வாசகர் கேள்விகள், முதியோர் மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 78 வயசு. பிபி, சுகர் ரெண்டுக்கும் பல வருஷமா மாத்திரை சாப்பிடறார். ஆனா ஆள் படு ஷார்ப், பேங்க் கணக்கு, கரண்ட் பில், பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்து எல்லாம் அவரேதான் பார்ப்பார். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார், வாய் தவறிடுச்சுன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி 2 மணிக்கு எழுந்து சட்டை மாட்டிக்கிட்டு ஆபீசுக்கு நேரமாச்சுங்கறார், அவர் ரிட்டயர் ஆகி 20 வருஷம் ஆச்சு. ரூம் மூலையில ரெண்டு பேர் நிக்கறாங்களாம், அவங்களை உட்காரச் சொல்லணுமாம். பெட்ஷீட்ல இல்லாத நூலை இழுத்து இழுத்து விரல்ல சுத்திக்கிட்டே இருக்கார். காலையில பார்த்தா ஓரளவுக்கு நல்லாவே பேசறார், எனக்கே நான்தான் கனவு கினவு கண்டேனான்னு சந்தேகம் வந்துடுது, இருட்டினதும் திரும்ப ஆரம்பிச்சிடறார். அண்ணன் என்னடான்னா "வயசாயிடுச்சும்மா, மறதி நோய்தான், பெரியம்மாவுக்கும் இப்படித்தானே இருந்துச்சு"ங்கறான். மறதி நோய் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டா 5 வாரம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. அது வரைக்கும் ராத்திரி தூங்கறதுக்காவது ஏதாவது மாத்திரை குடுக்கலாமா? நான் தூங்கி மூணு நாள் ஆச்சு. நேத்து அவர்கிட்ட கத்திட்டு பாத்ரூம்ல போய் உட்கார்ந்து அழுதேன்.

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகையில பதில் போட்டு நீங்க படிக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு, வந்த அன்னிக்கே இவங்க நம்பரை வாங்கிப் பேசிட்டேன். 5 வாரமெல்லாம் வேணாம், இன்னைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன், போனாங்க. என்ன ஆச்சுன்னு கீழே சொல்றேன், எழுதிக்கலாம்னு அவங்களே அனுமதி குடுத்திருக்காங்க.

எனக்கு அந்தக் கடிதத்துல பொறி தட்டின இடம், மூலையில நிக்கிற ரெண்டு பேரும் இல்ல, நூல் சுத்தறதும் இல்ல. "போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம்"கறாங்க பாருங்க, அதுதான். மறதி நோய் இருக்கிறவங்க வீட்ல போய் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தராலயும் கிழமை சொல்ல முடியாது. "ஒரு ரெண்டு வருஷம் இருக்குமா... இல்ல, தம்பி கல்யாணத்தப்பவே ஒரு மாதிரிதான் இருந்தார்"னு இழுப்பாங்க. அது அப்படி மெதுவா, யாருக்கும் தெரியாம நுழையற வியாதி. கிழமை சொல்ல முடியற குழப்பம் வேற ஜாதி. அதுக்குப் பேர் டெலிரியம். பாட்டிங்க காலத்துல காய்ச்சல்ல பிதற்றினா ஜன்னி கண்டுடுச்சும்பாங்களே, அதுல நிறைய இதுதான். மணிக்கணக்குல இல்ல நாள்கணக்குல வரும், ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது, முக்கியமா கவனம் ஒரு இடத்துல நிக்காது. காலையில தெளிவா இருந்தாருன்னு நீங்க ஆறுதல் பட்டீங்க இல்லையா, எனக்கு அந்த ஏத்த இறக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்புச்சு.

போன்லயே ஒரு சின்ன பரிசோதனை செய்யச் சொன்னேன். வாரத்தோட கிழமைகளைப் பின்னாலேர்ந்து சொல்லச் சொல்லுங்க. குறுக்கெழுத்து போடற மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. "ஞாயிறு, சனி, வெள்ளி..."ன்னு வந்தார், நின்னார், "வெள்ளிக்கிழமை யார் வர்றா?"ன்னு கேட்டார், அப்புறம் "சனி, ஞாயிறு"ன்னு நேரா போக ஆரம்பிச்சுட்டார், அப்புறம் நூல். ஞாபகம் போயிருந்தா கேட்ட கேள்வி மறந்திருக்கலாம், வேற எதாவது ஆகியிருக்கலாம், ஆனா இவருக்குப் பாதி வழியில பிடியே நழுவுது. டெலிரியம்னா இப்படித்தான் இருக்கும்.

இது தனியா ஒரு நோய்னு நினைச்சுடாதீங்க. உடம்புல வேற எங்கயோ எதுவோ கெட்டுப் போயிருக்கு, அதை மூளை முதல்ல காட்டிக் குடுக்குது. சின்ன வயசுல நுரையீரல்ல கிருமி போனா காய்ச்சல் வரும், இருமல் வரும். 80 வயசுல காய்ச்சலும் வராம இருமலும் வராம, வெறும் குழப்பத்தோட நிமோனியா வந்து நிக்கும். நெஞ்சு வலியே இல்லாம ஹார்ட் அட்டாக் வரும். அதனால யாரைச் சந்தேகப்படணும்னா எல்லாரையும்தான். மூத்திரத்துல கிருமி, போதுமான தண்ணி குடிக்காம உடம்பு வறண்டு போறது, சுகர் 70-க்குக் கீழ போறது இல்லன்னா எக்கச்சக்கமா ஏறுறது, ஆக்சிஜன் குறையறது, கிட்னி, ஈரல், தைராய்டு, நாலு நாளா வெளிக்குப் போகாதது, மூத்திரம் வெளிய வராம பையில தேங்கறது, ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி எங்கயோ லேசா தலையில இடிச்சுக்கிட்டது கூட. அதுவும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா மூளைக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சு வாரக்கணக்குல கழிச்சு ஆளைக் குழப்பும், "அன்னிக்கே இடிச்சுக்கிட்டார், அப்ப ஒண்ணும் ஆகலையே"ன்னு வீட்ல மறந்தே போயிருப்பாங்க. வழக்கமா குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினாலும் வரும், வருஷக்கணக்கா சாப்பிட்ட தூக்க மாத்திரையைப் பட்டுன்னு நிறுத்தினாலும் வரும்.

இத்தனையிலும் நான் முதல்ல கை வைக்கிறது மாத்திரை டப்பாவுலதான். கடைசி ரெண்டு மூணு வாரத்துல புதுசா என்ன சேர்ந்துது, எது நின்னுது, எதோட அளவு மாறுச்சு? இவங்களைக் கேட்டதும் முதல்ல "ஒண்ணும் மாறலையே"ன்னுட்டாங்க. டப்பாவை எடுத்து வந்து ஒவ்வொண்ணா படிங்கன்னேன். 16 நாளைக்கு முன்னாடி பிபி-க்குன்னு ஹைட்ரோகுளோரோதயசைட் புதுசா சேர்ந்திருக்கு, உடம்புல இருக்கிற தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளற மாத்திரை. இன்னொண்ணு, ஜலதோஷம்னு பக்கத்துல மருந்துக் கடையில வாங்கின குளோர்பெனிரமின், "அது சும்மா சளி மாத்திரைதானே டாக்டர்"ங்கறாங்க. அந்தச் சும்மா சளி மாத்திரை வயசானவங்க மூளையை மந்தப்படுத்தற மாத்திரைங்கள்ல ஒண்ணு. வயசானவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்னு அமெரிக்காவுல 1991-லேர்ந்து பியர்ஸ் பட்டியல்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அப்பப்போ திருத்துவாங்க. அதுல இந்த மாதிரி பழைய அலர்ஜி, சளி மாத்திரைங்க இருக்கு, டையசிபாம், அல்பிரசோலாம் மாதிரி தூக்க மாத்திரைங்க இருக்கு, நரம்பு வலிக்குக் குடுக்கிற அமிட்ரிப்டிலின் இருக்கு. இதையெல்லாம் படிச்சுட்டு நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட டப்பாவோட போய்க் கேளுங்க.

ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தத்துல சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கிற உப்பு, 118. இருக்க வேண்டியது 135-லேர்ந்து 145. புதுசா சேர்ந்த அந்த பிபி மாத்திரையை நிறுத்தி, சோடியத்தை மெதுவா ஏத்தினாங்க. இந்த மெதுவாங்கறதுல கவனம் வேணும். நாள் கணக்கா இறங்கியிருக்கிற சோடியத்தை ஒரே நாள்ல சடசடன்னு ஏத்தினா மூளைக்கே நிரந்தரமா கேடு வரும், 24 மணி நேரத்துல 8 இல்லன்னா 10-க்கு மேல போகாம ரத்தம் பார்த்துப் பார்த்து ஏத்துவாங்க. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் வீட்ல உப்பைக் கரைச்சு வாயில ஊத்திடாதீங்க சாமி. அஞ்சாவது நாள் அவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கரண்ட் பில் கடைசி தேதி போயிடுச்சே கட்டினியா இல்லையான்னு திட்டினாராம். திட்டு வாங்கினதை அவ்வளவு சந்தோஷமா யாரும் எனக்குப் போன்ல சொன்னதில்ல.

தூக்க மாத்திரை குடுக்கலாமான்னு கேட்டிருந்தாங்க. வேண்டாம். எரியற இடத்துல எண்ணெய் ஊத்தின கதையாகும், ஆள் அசந்து கிடப்பார், குழப்பம் இன்னும் நாலு நாள் நீளும், எழுந்து நடந்தா விழுவார். ரொம்ப முரண்டு பண்ணித் தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துங்கற நிலைமையில ஆஸ்பத்திரியில ஏதாவது குடுப்பாங்க, அது அவங்க முடிவு. அப்ப ஒண்ணு மட்டும் ஞாபகமா சொல்லுங்க, பார்க்கின்சன் நோயோ லூயி பாடி வகை மறதி நோயோ இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, ஹாலோபெரிடால் மாதிரி ஊசிங்க அவங்களுக்கு ஆகவே ஆகாது.

அந்த மூலையில நின்ன ரெண்டு பேர் விஷயம். யாருமே இல்லன்னு சண்டை போட்டா அவருக்கு பயம்தான் ஏறும், ஆமா இருக்காங்கன்னு சேர்ந்து ஆடறதும் வேணாம். "எனக்குத் தெரியலப்பா, நான் இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டா போதும். அப்படியே அவர் படுத்திருக்கிற இடத்துல நீங்க ஒரு தடவை தலை வெச்சுப் படுத்துப் பாருங்கன்னு சொன்னேன். பார்த்திருக்காங்க. நைட் லேம்ப் வெளிச்சத்துல மூலை ஆணியில தொங்கின ரெண்டு சட்டை, மின்விசிறிக் காத்துல ஆடிக்கிட்டு. கண்ணாடி போடாத 78 வயசுக் கண்ணுக்கு அது ரெண்டு ஆளாத்தான் தெரியும். சட்டையை எடுத்து உள்ள வெச்சதும் ஒருத்தரும் வரல!

ஆஸ்பத்திரிக்குப் போறப்ப என்ன சொல்லணும்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. "அப்பாவுக்கு மறதி"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவ்வளவுதான், பார்க்கிறவங்க 78-ங்கற வயசைப் பார்ப்பாங்க, தலையாட்டுவாங்க, வரிசையில உட்கார வெச்சுடுவாங்க. உங்க அப்பா போன வாரம் எப்படி இருந்தாருன்னு அந்த ரூம்ல உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அதனால முதல் வாக்கியமே "திங்கக்கிழமை வரைக்கும் பேங்க் கணக்கு பார்த்தார், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துலேர்ந்து என்னைத் தெரியல"ன்னு இருக்கட்டும். எல்லா மாத்திரையையும், கடையில சும்மா வாங்கினது, கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில அள்ளிக்கிட்டுப் போங்க. அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை, எங்க ஆளுங்களைப் பத்தி நானே சொல்றேன், வயசானவங்க மூத்திரத்தை டெஸ்ட் பண்ணினா நோயே இல்லாட்டியும் கிருமி தெரியறது சகஜம். அதைப் பார்த்ததும் "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்"னு ஆன்டிபயாடிக் எழுதிட்டு வேற எதையும் தேடாம அனுப்பற பழக்கம் இருக்கு. சோடியம் பார்த்தாச்சா, மாத்திரை லிஸ்ட் பார்த்தாச்சான்னு மரியாதையா கேளுங்க, தப்பில்ல.

வாய் கோணுது, ஒரு பக்கக் கை தூக்க வரல, பேச்சு குழறுது, வலிப்பு, மூச்சு வாங்குது, எழுப்பினா எழுந்திருக்கல, தலையில அடி, இதுல ஒண்ணு இருந்தாலும் பரிசோதனை பண்ணிக்கிட்டு உட்காராம ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. பக்கவாதமா இருந்தா மூளையில அடைச்சிருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதுவும் கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து.

கத்தினதுக்கு அழுதீங்களே, மூணு ராத்திரி தூங்காதவங்க கத்தத்தான் செய்வாங்க. அண்ணனை ஒரு ராத்திரி முறை வெச்சு உட்காரச் சொல்லுங்க, வயசாயிடுச்சுன்னு வியாக்யானம் பண்ண நேரம் இருக்கிறவருக்கு இதுக்கும் நேரம் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 81. கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி ரெண்டு நாள் ஆச்சு. பக்கத்து பெட்ல ஒரு தாத்தா கத்தி ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிஞ்சு ஒரே அமர்க்களம், எல்லாரும் அங்கயேதான் ஓடறாங்க. நல்லவேளை அம்மா அமைதியா தூங்கிக்கிட்டே இருக்காங்க, கூப்பிட்டா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கறாங்க, ஊட்டினா ரெண்டு வாய்தான். நர்ஸ் ரெஸ்ட் எடுக்கட்டும்ங்கறாங்க. அது சரிதானே?

பதில்: சரியில்லம்மா. எனக்கு அந்தத் தாத்தாவை விட உங்க அம்மாவை நினைச்சாத்தான் கவலை. கத்தற டெலிரியத்தைக் கண்ணில்லாதவனும் கண்டுபிடிப்பான், இந்த சத்தமில்லாத வகைதான் யார் கண்லயும் படாம போயிடுது.

என் கண்லயே படல. எங்க அம்மாவுக்கு ஜலதோஷம்னு நானே ஒரு சளி மாத்திரை குடுத்தேன், முதியோர் மருத்துவம் படிச்ச நானே. ரெண்டு நாள் சோபாவுல சாஞ்சபடியே இருந்தாங்க, பேப்பரைக் கையில குடுத்தா அதே பக்கத்தைப் பிடிச்சபடி இருக்காங்க, நான் அசதின்னு நினைச்சுட்டேன். என் மனைவிதான் "அத்தை காலையிலேர்ந்து என்னை ஒரு குறை கூட சொல்லலைங்க, எனக்கு பயமா இருக்கு"ன்னா. அடிவயித்துல கை வெச்சா கல்லு மாதிரி இருக்கு. ட்யூப் போட்டதும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மூத்திரம் வந்துச்சு, அந்த மாத்திரை பையை வேலை செய்ய விடாம அடைச்சுப் போட்டிருக்கு. அவங்க கேக்கவும் இல்ல, நான் பார்க்கவும் இல்ல.

நீங்க இப்பவே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு "எங்க அம்மா இப்படி இருக்கவே மாட்டாங்க, இது டெலிரியமான்னு பாருங்க"ன்னு அந்த வார்த்தையைப் போட்டே கேளுங்க. வலிக்குப் போடற மருந்து அதிகமா, இல்ல வலியே அடங்கலையா, ஆக்சிஜன், ரத்தம், மூத்திரம், மலம் எல்லாம் பார்க்கணும். அந்த நேரத்துல நீங்க செய்யறதுக்கும் வேலை இருக்கு. கண்ணாடி எங்க? காது மெஷின் எங்க? பத்திரமா இருக்கட்டும்னு வீட்ல வெச்சுட்டு வந்திருப்பீங்க, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, உடனே கொண்டு வந்து மாட்டுங்க. பகல்ல ஸ்க்ரீனைத் திறந்து வெளிச்சம் வரட்டும், டாக்டர் சரின்னதும் பிடிச்சு உட்கார வைங்க, நிக்க வைங்க. நிமிர்த்தி உட்கார வெச்சு, முழிச்சிருக்கிறப்ப மட்டும் வாய் வாயா தண்ணி குடுங்க, அரைத்தூக்கத்துல ஊத்தினா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். இதெல்லாம் வெறும் மனசு திருப்திக்குன்னு நினைக்காதீங்க. ஷரோன் இனோயேன்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல யேல் ஆஸ்பத்திரியில 70 வயசு தாண்டின 852 பேரை வெச்சு இதைப் பண்ணிப் பார்த்து 1999-ல வெளியிட்டாங்க, கண்ணாடி, காது மெஷின், தண்ணி, நடை, பேச்சுத் துணை, மாத்திரை இல்லாத தூக்கம், இவ்வளவுதான் வைத்தியம். வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்துச்சு, இதைச் செஞ்சவங்கள்ல 9.9 சதவீதம். அது வராம தடுக்கிற கணக்கு. வந்துட்ட பிறகு காரணத்தைக் கண்டுபிடிச்சாத்தான் கதை நகரும், ஆனாலும் இதையெல்லாம் நிறுத்த வேண்டாம்.

"நான் யாரு சொல்லு, இன்னைக்கு என்ன தேதி சொல்லு"ன்னு வர்றவங்க எல்லாம் பரீட்சை வைப்பாங்க, தடுங்க. "அம்மா, புதன்கிழமை காலையில 10 மணி, நான் உன் பொண்ணு வந்திருக்கேன்"னு பதிலையே சொல்லிடுங்க. பக்கத்து பெட் தாத்தா மாதிரி ட்ரிப்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு கையைக் கட்டலாமான்னு யாராவது கேட்டா, நான் கூடவே உட்கார்ந்துக்கறேன்னு சொல்லுங்க, கட்டினா திமிறல்தான் கூடும்.

கேள்வி: மாமனாருக்கு இதே பிரச்னைதான் வந்து சரியாகி, வீட்டுக்கு வந்து 6 வாரம் ஆச்சு. முன்ன மாதிரி முழுசா இல்ல, சொன்னதையே திரும்பச் சொல்றார், சீக்கிரம் சோர்ந்து போறார். அதை விட, குழப்பத்துல இருந்தப்ப நான் அவர் பணத்தைத் திருடிட்டேன்னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் சொன்னார். அவருக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, இப்ப என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறார்.

பதில்: முகத்தைப் பார்க்காம இருக்காருன்னா ஞாபகம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. டெலிரியத்துலேர்ந்து வெளிய வந்த நிறைய பேருக்கு அது துண்டு துண்டா ஞாபகம் இருக்கும், கெட்ட கனவுல நம்மளே தப்பு பண்ணின மாதிரி. வெட்கத்துல வாயைத் திறக்க மாட்டாங்க. நீங்களே பக்கத்துல உட்கார்ந்து, "மாமா, உடம்பு முடியாம இருந்தப்ப நீங்க என்னென்னமோ பேசினீங்க, அது அந்தக் காய்ச்சல் பேசினது மாதிரி, நான் மனசுல வெச்சுக்கல"ன்னு சொல்லிப் பாருங்க. உங்களுக்கு நிஜமாவே மனசுல இருந்துச்சுன்னா அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட முதல்ல கொட்டிடுங்க, அவர் அப்பா சொன்னது உங்களைச் சுட்டுதுன்னு அவருக்கும் தெரியணும்.

தெளிவு விஷயத்துல 6 வாரம் சீக்கிரம். காரணம் சரியானாலும் மூளை தேற வாரங்கள் ஆகும், சிலருக்கு மாசங்கள். சிலர் பழைய இடத்துக்கு முழுசா வர்றதில்ல, அதையும் மறைக்க முடியாது. ஏற்கெனவே லேசா மறதி நோய் இருந்து யாரும் கவனிக்காம விட்டிருந்தவங்களுக்கு இந்த டெலிரியம் வந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டும், ஒரு தடவை இது வந்தவங்களுக்குப் பின்னாடி மறதி நோய் வர்ற வாய்ப்பும் கூடுதல். அதனால ஞாபகப் பரிசோதனை கட்டாயம் பண்ணணும், ஆனா வந்து ஒரு மூணு மாசம் போல ஆன பிறகு. குழம்பியிருக்கிறப்பவே டெஸ்ட் வெச்சு மார்க் போட்டு டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு முத்திரை குத்திட்டா அது ஃபைல்லேர்ந்து போகவே போகாது. அப்பவே வைட்டமின் பி12, தைராய்டு பார்த்துடுங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப வருஷமா சாப்பிடறவர்னா பி12 குறைஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. ஆர்வமே இல்லாம சும்மா உட்கார்ந்திருந்தா மனச்சோர்வையும் மறக்காதீங்க, அது மறதி வேஷம் போட்டுக்கிட்டு வரும். கால் தரையில ஒட்டின மாதிரி நடையும் மாறி, மூத்திரமும் கட்டுப்படாம போச்சுன்னா தனியா சொல்லுங்க, மூளையில நீர் தேங்கற ஒரு நிலை உண்டு, அதுல சிலருக்கு ஆபரேஷன்ல முன்னேற்றம் கிடைக்கும். வண்டி ஓட்டறது, பத்திரத்துல கையெழுத்து போடறதெல்லாம் அந்தப் பரிசோதனை முடியட்டும்.

கேள்வி: நான் வெளியூர்ல, அம்மா அப்பா தனியா இருக்காங்க. போன்லயே கண்டுபிடிக்க ஏதாவது வழி?

பதில்: "நல்லா இருக்கியா"ன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் வரும், டெலிரியத்துல இருக்கிறவங்களும் அதை அழகா சொல்லிடுவாங்க. கதை கேளுங்க. நேத்து யார் வந்தாங்க, என்ன பேசினாங்கன்னு கேட்டு ரெண்டு நிமிஷம் பேச விடுங்க. பாதியில நூல் அறுந்து வேற எங்கயோ போறாங்களா, குரல் தூக்கக் கலக்கமா இருக்கா, நேத்து இருந்த கலகலப்பு இல்லையான்னு காதைத் தீட்டி வெச்சுக்குங்க. மணி எப்பவும் ஒரே நேரமா இல்லாம ஒரு நாள் காலையில, ஒரு நாள் ராத்திரின்னு மாத்திக் கூப்பிடுங்க, சாயங்காலத்துக்கு மேலதான் நிறைய பேருக்கு அதிகமாகும். மாத்திரை மாறினா அன்னிக்கே உங்களுக்குச் சொல்லணும்னு ஒரு ஒப்பந்தம் வெச்சுக்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒண்ணு வாங்கி வைங்க, சந்தேகம் வந்தா அவரைப் போய் எட்டிப் பார்க்கச் சொல்லிட்டு, கடைசியா எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பேசினப்ப நல்லா இருந்தாங்கங்கறதை ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்குங்க, ஆஸ்பத்திரியில முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.